ஜேம்ஸ் பிரின்செப்

ஜேம்ஸ் பிரின்செப் (ஆகஸ்ட் 20, 1799 – ஏப்ரல் 22, 1840) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் காசி, கல்கத்தா நாணயச்சாலைகளில் மாற்றாய்வாளராகப் பணியாற்றிய வேதியியலாளரும், கருவி வடிவமைப்பாளரும், நாணயவியலாளரும், கல்வெட்டியல் அறிஞரும் ஆவார். அசோகரின் பிராமி எழுத்துகளை 1837 ஆம் ஆண்டு முழுமையாகப் படித்தறிந்தவர் என்ற வகையிலேயே இவர் இந்தியாவில் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் இவர் ஊதியம் பெற்றுச் செய்த தொழில் எடை போடுவதாகும். நாணயச்சாலைக்கு வரும் வெள்ளியிலும் பொன்னிலும் தூய உலோகம் எவ்வளவு என்பதை நுண்தராசின் துணையால் அளந்து சொல்வதே இருபது ஆண்டுகள் இவருடைய அன்றாடக் கடமையாக இருந்தது. அத்தொழிலின் தேவைக்காகக் கால் மில்லிகிராமிலும் குறைவான எடை வேறுபாட்டைக் காட்டக்கூடிய ஒரு தராசை இவரே வடிவமைத்தார். இவருடைய பிற கண்டுபிடிப்புகள் பலவற்றிலும் இந்த எடைபோடும் பழக்கத்தின் சாயலைக் காணலாம்.

இளமையும் கல்வியும்

இவருடைய தந்தை ஜான் பிரின்செப் 1771 இல் கையில் பெரும்பொருள் ஏதுமின்றி இந்தியாவுக்கு வந்து, அவுரி (நீலச்சாயம்) பயிரிட்டுச் செல்வம் ஈட்டியவர். 1787 இல் இங்கிலாந்து திரும்பி வணிகம் நடத்தினார். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். வணிகத்தில் இழப்பு நேர்ந்ததால் 1809 இல் குடும்பம் கிளிஃப்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஜேம்ஸ் இவருடைய ஏழாவது மகனும் பத்தாவது குழந்தையும் ஆவார். பள்ளியில் கற்றதைவிட வீட்டில் அண்ணன், அக்காமாரிடம் கற்றதே மிகுதி. நுணுக்கமாகப் படம் வரைவதிலும் சிறு பொறிகளைச் செய்வதிலும் சிறு வயதிலேயே திறமை காட்டியதால், கட்டடக்கலை வரைஞரான அகஸ்டஸ் பியூஜினிடம் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார். அங்கிருக்கையில் கண்ணில் தொற்று ஏற்பட்டுப் பார்வை மங்கியது. கட்டடக் கலைஞராகும் எண்ணம் கைவிடப்பட்டது.

இந்திய நாணயச்சாலையில் மாற்றாய்வுத் துறையில் ஓர் இடம் இருப்பதைத் தந்தை அறிந்திருந்தார். அதற்கான தகுதியைப் பெறுவதற்காக ஜேம்ஸ் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் வேதியியல் பயின்றார். பின்னர் 1818–19 இல் இலண்டன் அரச நாணயச்சாலையின் மாற்றாய்வாளர் ராபர்ட் பிங்லியிடம் தொழில் கற்றார். கண்பார்வை காரணமாக ஒரு தொழிலை இழந்தவர், தராசு முள்ளின் மயிரிழை அசைவை உற்றுநோக்குவதையே தொழிலாகக் கொள்ள நேர்ந்தது வியப்புக்குரியது.

கல்கத்தாவும் காசியும்

செப்டம்பர் 15, 1819 அன்று தன் சகோதரர் ஹென்றி தோபியுடன் கல்கத்தா வந்து சேர்ந்து, அந்நகர நாணயச்சாலையில் துணை மாற்றாய்வாளராகப் பொறுப்பேற்றார். அப்போது இருபது வயது நிறைந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இவருடைய மேலதிகாரி ஹோரேஸ் ஹேமன் வில்சன், மருத்துவராக வந்து சமற்கிருத அறிஞராக மாறியவர். அவருடைய சமற்கிருத–ஆங்கில அகராதி அதே 1819 இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் வில்சன் இவரைக் காசி நாணயச்சாலைக்கு மாற்றாய்வாளராக அனுப்பினார். 1830 இல் அந்த நாணயச்சாலை மூடப்படும் வரை இவர் காசியிலேயே இருந்தார்.

காசியில் இவர் செய்த பணிகளின் பட்டியல் நீளமானது. 1822 இல் நகரை முறையாக அளந்து நிலப்படம் வரைந்தார். நாணயச்சாலைக் கட்டடத்தையும் ஒரு தேவாலயத்தையும் வடிவமைத்தார். நகரின் நடுவே தேங்கி நோய் பரப்பிய குளங்களின் நீரை வெளியேற்ற வளைவுச் சுரங்கக் கால்வாய் அமைக்க உதவினார். கர்மநாசா ஆற்றின் குறுக்கே கற்பாலம் கட்டுவித்தார். சாய்ந்து விழும் நிலையிலிருந்த ஔரங்கசீப் பள்ளிவாசலின் கோபுரங்களைச் சீர்படுத்தும் பணியில் துணைநின்றார். இவர் வரைந்த காசி நகரக் காட்சிகள் 1830 முதல் 1834 வரை இலண்டனில் தொகுதிகளாக அச்சாயின.

இவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. காசியில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்வதாக அதற்கு முன் அதிகாரிகள் மதிப்பிட்டிருந்தனர். பிரின்செப் 1820களின் பிற்பகுதியில் கணக்கெடுத்தபோது சுமார் 1,80,000 பேரே இருப்பது தெரியவந்தது. ஊகத்தை ஏற்காமல் எண்ணிப் பார்ப்பது, அளந்து பார்ப்பது, எடைபோட்டுப் பார்ப்பது என்ற இவரது இயல்புக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மாற்றாய்வும் நுண்தராசும்

பொன்னின் தூய்மையை உரைகல்லில் உரைத்து மாற்று அறிவது தமிழ்நாட்டுப் பொற்கொல்லர்கள் நன்கறிந்த முறை. விரைவாகச் செய்யத்தக்கது, ஆனால் கண்ணின் மதிப்பீட்டைச் சார்ந்தது. நாணயச்சாலைக்கு அது போதாது. அங்கு எடையே சான்றாகக் கொள்ளப்படும்.

நாணயச்சாலை முறை பின்வருமாறு அமையும். வெள்ளிக் கட்டியிலிருந்து ஒரு சிறு துணுக்கை வெட்டி எடுத்துத் துல்லியமாக எடைபோடுவர். அதை ஈயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் சூடாக்குவர். ஈயமும், வெள்ளியுடன் கலந்துள்ள செம்பு போன்ற உலோகங்களும் ஆக்சைடாக மாறிச் சாம்பல் கிண்ணத்தால் உறிஞ்சப்படும். இறுதியில் கிண்ணத்தின் அடியில் ஒளிவீசும் ஒரு சிறு மணி எஞ்சும். அதுவே தூய வெள்ளி. அதை மீண்டும் எடைபோட்டு, முதல் எடையுடன் ஒப்பிட்டால் மாற்று தெரிந்துவிடும். பொன்னாயின் வேலை சற்றுக் கூடுதல். பொன்னுடன் வெள்ளி சேர்த்து உருக்கி, பிறகு நைட்ரிக் அமிலத்தில் இட்டு வெள்ளியைக் கரைத்து, எஞ்சும் பொன்னை எடைபோட வேண்டும்.

இரண்டு எடைகளுக்கு இடையிலான வேறுபாடே விடை என்பதால், தராசின் பிழை முழுவதும் விடையில் ஏறிவிடும். ஒரு கிராம் துணுக்கில் ஒரு மில்லிகிராம் பிழை நேர்ந்தால் மாற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழையாகும். சிறிதாகத் தோன்றினாலும், ஒரு கோடி ரூபாய் நாணயங்கள் அச்சிடும்போது அது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரூபாய்க்குரிய வெள்ளியாகப் பெருகிவிடும். அந்த இழப்பைக் கம்பனியோ, வெள்ளி கொண்டுவந்த வணிகரோ ஏற்க வேண்டியிருக்கும். மாற்றாய்வாளரின் சொல்லை இருதரப்பும் ஏற்றாக வேண்டும் என்பதால், அவருடைய தராசின் மீது ஐயம் எழக்கூடாது.

அக்காலத்தில் ஐரோப்பாவில் நுண்தராசுக் கலை வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஹென்றி கேவண்டிஷ் 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பயன்படுத்திய பெருந்தராசு மரக் கூண்டினுள் அமைக்கப்பட்டிருந்தது. பிரான்சில் இலவாசியேவுக்காக மெக்னியே, ஃபோர்த்தேன் ஆகிய கைவினைஞர்கள் தராசுகள் செய்தனர். இலண்டனில் ராம்ஸ்டனும், பின்னர் ராபின்சனும் இத்துறையில் பெயர் பெற்றனர். வேதியியல் தனி அறிவியலாக நிலைபெற்றதில் இத்தராசுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இவ்வகைத் தராசின் அடிப்படை அமைப்பு எளிதே. துலாக்கோலின் நடுவில் கூரிய எஃகுக் கத்தி முனை ஒன்று, அகேட் போன்ற கடினமான கல்லின் சமதளத்தின் மீது அமர்ந்திருக்கும். இரு முனைகளிலும் அதேபோன்ற கத்தி முனைகளிலிருந்து தட்டுகள் தொங்கும். இம்மூன்று முனைகளும் ஒரே தளத்தில், ஒன்றுக்கொன்று இணையாக இருத்தல் வேண்டும். கோலின் ஈர்ப்பு மையம் நடு முனைக்கு மிகச் சிறிதளவே கீழே இருந்தால் தராசு நுண்ணுணர்வு பெறும். அதிகம் நெருங்கினால் கோல் நிலைகொள்ளாமல் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். உணர்திறனும் விரைவும் ஒன்றுக்கொன்று எதிரானவை. தராசு வடிவமைப்பாளர் அனைவரும் இவ்விரண்டுக்கும் இடையே ஏதோ ஓர் இடத்தைத் தேர்ந்தாக வேண்டும். எடை போடாத நேரத்தில் கத்தி முனைகள் தேயாமலிருக்கக் கோலைத் தூக்கி நிறுத்தும் தடுப்பமைப்பும் உண்டு.

அடுத்தது கூண்டு. மில்லிகிராமின் பின்னத்தை அளக்கும் தராசுக்கு மனிதரின் மூச்சே புயல். ஆகவே முழுத் தராசும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படும். முன்பக்கக் கண்ணாடி மேலே ஏறி இறங்கும். துணுக்கை வைக்கும்போது மட்டும் அதைத் திறந்து, மூடிய பின்னரே கோலை விடுவிப்பர். காற்றைத் தடுப்பதுடன் கூண்டு வெப்பத்தையும் சமன்படுத்துகிறது. பித்தளைக் கோலின் ஒரு கை மற்றதைவிடப் பத்தில் ஒரு பாகை செல்சியசு கூடுதலாகச் சூடானாலும் கைகளின் நீள விகிதம் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு மாறிவிடும். உலையிலிருந்து வந்த மணியை ஆறவிடாமல் தட்டில் வைத்தால் அதைச் சுற்றி மேலெழும் வெப்பக் காற்று தட்டையே தூக்கும். கூண்டினுள் சுட்ட சுண்ணாம்போ கால்சியம் குளோரைடோ வைத்து ஈரத்தை உறிஞ்சச் செய்வதும் வழக்கமாயிற்று. கங்கைச் சமவெளியின் கோடை வெப்பமும் வங்காளத்தின் மழைக்கால ஈரப்பதமும் எஃகு முனைகளுக்குப் பெரும்பகை. கூரையில் தொங்கும் பங்கா விசிறியை ஆட்டினால் தராசு ஆடும். ஆட்டாவிட்டால் மனிதருக்குத் தாங்காது. இலண்டனில் பிங்லி சந்தித்திராத இடர்கள் இவை.

இச்சூழலில்தான் பிரின்செப் தமக்கான தராசை வடிவமைத்தார். அதன் உணர்திறனை அவர் காலத்தில் வழங்கிய கிரெயின் அலகில் குறித்தனர். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம்; நம் குன்றிமணியின் எடையில் ஏறத்தாழப் பாதி. அந்தக் கிரெயினின் நூறிலொரு பங்கைவிடவும் நுண்ணிய வேறுபாட்டை இத்தராசு உணர்ந்தது. ஐரோப்பியப் பட்டறைகளிலிருந்து கடல்வழியே பல மாதத் தொலைவில் இருந்த ஓர் அதிகாரி இத்தகைய கருவியை வடிவமைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. காற்றின் ஈரப்பதத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பதிலும் இவர் நீண்டகாலம் ஈடுபட்டார். வானிலை அளவீடுகளை ஒழுங்காகப் பதிந்து அட்டவணையாக வெளியிட்டார்.

உலையின் வெப்பத்தை அளத்தல்

மாற்றாய்வில் உலை வெப்பம் குறைந்தால் ஈயம் முழுவதும் நீங்காது; மிகுந்தால் வெள்ளியும் சிறிது ஆவியாகி இழப்பு நேரும். பாதரச வெப்பமானி அந்த வெப்பத்தைத் தாங்காது. எனவே பிரின்செப் இரண்டு வழிகளைக் கையாண்டார்.

முதலாவது, பொன், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை வெவ்வேறு விகிதங்களில் கலந்த உலோகக் கலவைகள். வெள்ளி 962 பாகை செல்சியசிலும், பொன் 1064 பாகையிலும், பிளாட்டினம் 1768 பாகையிலும் உருகுபவை. கலவை விகிதத்தைப் படிப்படியாக மாற்றினால் உருகுநிலையும் படிப்படியாக உயரும். இக்கலவைத் துணுக்குகளை வரிசையாக உலையில் வைத்து, எது உருகியது, எது உருகவில்லை என்று பார்த்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். துணுக்கை மீண்டும் தட்டிப் பயன்படுத்தலாம். எந்த நாட்டிலும் அதே கலவையைச் செய்து ஒப்பிடலாம்.

இரண்டாவது, பொன்னால் செய்த ஒரு குமிழினுள் காற்றை அடைத்து, சூட்டில் அது எவ்வளவு விரிவடைகிறது என்று அளக்கும் கருவி. விரிந்த காற்று ஆலிவ் எண்ணெயை வெளித்தள்ளும். வெளியேறிய எண்ணெயின் கன அளவை அவர் எடைபோட்டே அறிந்தார். இங்கும் இறுதி விடையைத் தந்தது தராசுதான்.

இந்த ஆய்வு 1828 இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதன் பயனாக அவர் அக்கழகத்தின் உறுப்பினராகத் தெரிவானார்.

ரூபாயும் தோலாவும்

1830 இல் கல்கத்தா திரும்பிய பிரின்செப், 1832 இல் வில்சன் பதவி விலகியபோது தலைமை மாற்றாய்வாளரானார். வில்சன் வேறொருவரைப் பரிந்துரைத்திருந்தும் இவருக்கே அப்பதவி கிடைத்தது. மேஜர் ஃபோர்ப்ஸ் கிரேக்கக் கோயில் பாணியில் வடிவமைத்த புதிய வெள்ளி நாணயச்சாலை அப்போது இயங்கத் தொடங்கியிருந்தது.

அன்றைய நாணயக் குழப்பத்தை இன்று கற்பனை செய்வது கடினம். வங்காளத்தில் சிக்கா ரூபாய், மேல் மாகாணங்களில் பரூக்காபாத் ரூபாய், சென்னையிலும் பம்பாயிலும் வெவ்வேறு ரூபாய்கள் வழங்கின. முகலாய மரபின்படி நாணயம் அச்சான ஆண்டு பழையதாக ஆக, அதன் மதிப்பில் நாணயமாற்றுவோர் கழிவு பிடித்தனர். இதைத் தவிர்க்கவே கம்பனி, ஷா ஆலம் மன்னரின் 19ஆம் ஆட்சியாண்டு என்ற பொறிப்பையே ஆண்டு தவறாமல் சிக்கா ரூபாயில் அடித்துவந்தது. இக்கழிவினால் மிகுதியும் இழந்தவர்கள் உழவரும் கூலிக்காரருமே. அவர்கள் கையில் தராசும் இல்லை, மாற்றறியும் வழியும் இல்லை.

1833 இல் பிரின்செப் எடைகளையும் நாணயங்களையும் ஒருமைப்படுத்த வேண்டும் என வலியுறுத்தினார். அவ்வாண்டின் ஏழாம் ஒழுங்குவிதி, 180 கிரெயின் (11.66 கிராம்) எடையுள்ள தோலாவை அடிப்படை அலகாக்கியது. ரூபாய் நாணயத்தின் எடையும் அதுவே. எனவே ஒவ்வொருவர் மடியிலும் இருக்கும் ரூபாயே ஓர் எடைக்கல் ஆயிற்று. 80 தோலா ஒரு சேர். 40 சேர் ஒரு மணங்கு. இந்தக் கணக்கில் ஓர் அழகு உண்டு: மணங்கு ஒன்றுக்கு 3,200 தோலா, அதாவது 5,76,000 கிரெயின். இது ஆங்கிலேய டிராய் பவுண்டில் பின்னமின்றிச் சரியாக நூறு ஆகும்.

1835 ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் கம்பனியின் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. 180 கிரெயின் எடை, அதில் 165 கிரெயின் தூய வெள்ளி. இந்த அளவு 1818 முதலே சென்னை ரூபாய்க்கு வழங்கிவந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனிக்கலாம். நான்காம் வில்லியம் மன்னரின் தலை பொறித்த அந்த நாணயத்தின் எடை அளவும் வெள்ளி அளவும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மாறாதிருந்தன.

எடைமுறை அவ்வளவு எளிதில் பரவவில்லை. சென்னை மாகாணத்தில் 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்ற கணக்கே தொடர்ந்தது. இதனால் சென்னை மணங்கு ஏறத்தாழ 11 கிலோகிராமாகவும், வங்காள மணங்கு 37 கிலோகிராமுக்குச் சற்று மேலாகவும் இருந்தன. ஒரே பெயர், மூன்று மடங்குக்கும் மேலான வேறுபாடு. 1956 ஆம் ஆண்டின் எடை, அளவைகள் தரச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்த பிறகே இது தீர்ந்தது. சேலம், நாமக்கல் பகுதிச் சந்தைகளில் முதியோர் வீசை, பலம் என்று பேசுவது அதன்பின்னும் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இந்திய நாணயங்கள், எடைகள், அளவைகள், அரச மரபுகள் ஆகியவற்றைத் தொகுத்து இவர் வெளியிட்ட அட்டவணைகள் பல ஆண்டுகள் அலுவலகங்களிலும் ஆய்வாளரிடத்தும் கைநூலாகப் பயன்பட்டன.

ஆசியக் கழகமும் நாணய ஆய்வும்

1829 இல் ஹெர்பர்ட் என்னும் அதிகாரி தொடங்கிய ஓர் அறிவியல் இதழின் பொறுப்பு 1830 இல் பிரின்செப்பிடம் வந்தது. 1832 இல் வில்சனுக்குப் பின் வங்காள ஆசியக் கழகத்தின் செயலாளராகவும் ஆனார். அவ்விதழே கழகத்தின் ஆய்விதழாக உருமாறியது. வேதியியல், கனிமவியல், வானிலை, நாணயம், கல்வெட்டு என எல்லாத் துறைகளிலும் இவர் அதில் எழுதினார். படத் தகடுகள் பலவற்றையும் தம் கையாலேயே வரைந்தார்.

நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அதிகாரிகள் பழங்காசுகளை அனுப்பத் தொடங்கினர். பஞ்சாபில் இரஞ்சித் சிங்கின் படைத்தலைவர்களுள் ஒருவரான வெந்தூரா, மாணிக்கியாலா தூபியைத் தோண்டிக் கண்ட பொருள்கள் இவரிடம் வந்தன. ஆப்கானித்தானத்திலிருந்து சார்லசு மேசன் திரட்டிய காசுகளின் செய்திகள் வந்தன. காசு ஒன்றை எடுத்ததும் அதன் உலோகம் எது, எடை எவ்வளவு, எந்த அச்சு முறை என்று பார்ப்பது மாற்றாய்வாளரின் இயல்பு. முத்திரை குத்திய காசுகள், அச்சில் அடித்த காசுகள், வார்ப்புக் காசுகள் என இந்தியப் பழங்காசுகளை இவர் வகைப்படுத்தினார். இந்தோ-கிரேக்க மன்னர்களின் இருமொழிக் காசுகளைக் கொண்டு கரோஷ்டி எழுத்துகளைப் படிப்பதிலும் மேசன், கிறித்தியான் லாசன் முதலியோருடன் பங்கேற்றார். பின்னாளில் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் முதல் தலைவரான அலெக்சாண்டர் கன்னிங்காம், 1833 இல் இளம் படைப்பொறியாளராக வந்து இவரிடம் இந்த ஆர்வத்தைப் பெற்றவர்.

பிராமி எழுத்து

தில்லி, அலகாபாத் முதலிய இடங்களிலுள்ள தூண்களில் குச்சி போன்ற எளிய வடிவில் ஓர் எழுத்து காணப்பட்டது. அதை யாராலும் படிக்க இயலவில்லை. கிரேக்க எழுத்து என்று எண்ணியவர்களும் இருந்தனர். பிரின்செப் 1834 இலேயே அலகாபாத் தூணின் எழுத்துகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை வகைக் குறிகளோடு வருகிறது என்று எண்ணி அட்டவணை இட்டார். மெய்யெழுத்துடன் உயிர்க்குறி சேரும் அமைப்பு என்பது அதனால் தெளிவாயிற்று. 1836 இல் லாசன், அகத்தோக்ளிஸ் மன்னரின் இருமொழிக் காசைக் கொண்டு சில எழுத்துகளை அடையாளம் கண்டார்.

திறவுகோல் சாஞ்சியிலிருந்து வந்தது. எட்வர்டு சுமித் என்ற படை அதிகாரி, சாஞ்சித் தூபியின் கல் வேலிகளிலிருந்த சிறு பொறிப்புகளின் படிகளை 1837 இல் அனுப்பினார். பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைப் பிரின்செப் கண்டார். கோயிலுக்கு வருவோர் கல்லில் பொறித்து வைப்பது எதுவாக இருக்கும்? கொடையைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். இறுதிச் சொல்லைத் தானம் என்று கொண்டதும் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. சில வாரங்களில் தில்லித் தூணின் வாசகத்தையே படிக்க முடிந்தது. காசியில் பத்தாண்டுகள் கோயில்களுக்கிடையே வாழ்ந்தவருக்கு இந்த ஊகம் தோன்றியது தற்செயல் ஆகாது எனலாம். மொழியை விளங்கிக்கொள்வதில் கழகத்தின் பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்கார் உதவினார்.

தேவர்க்கு இனியவன் பியதசி என்று தன்னைக் கூறிக்கொண்ட அரசன் யார் என்பது அடுத்த சிக்கல். முதலில் இலங்கை மன்னன் தேவநம்பிய தீசன் என்றே பிரின்செப் கருதினார். இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர், தீபவம்சம் என்னும் பாளி நூலிலிருந்து பியதசி என்பவர் மௌரிய அசோகரே என்று எடுத்துக்காட்டினார். கன்னடப் பகுதியிலுள்ள மஸ்கியில் 1915 இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டில் அசோகன் என்ற பெயரே இருந்ததால் இது ஐயமற உறுதியாயிற்று. 1838 இல் கிர்நார் பாறைக் கட்டளைகளில் அந்தியோக்கஸ், தாலமி என்னும் கிரேக்க மன்னர்களின் பெயர்களைப் பிரின்செப் படித்தார். பண்டைய இந்திய வரலாற்றுக்கு ஓர் உறுதியான காலக்கணக்கு இவ்வாறு கிடைத்தது.

தமிழகத் தொடர்பு

பிரின்செப் தமிழ்நாட்டில் பணியாற்றியவர் அல்லர். எனினும் தமிழக வரலாற்றுக்கு அவர் பணி இன்றியமையாதது. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி (இலங்கை) ஆகிய பெயர்கள் வரிசையாக உள்ளன. இவர்களுள் சத்தியபுத்திரர் யார் என்பது நீண்டகாலம் விவாதத்திலிருந்தது. திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள சம்பையில் 1981 இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கண்டறிந்த கல்வெட்டில், சதியபுதோ என்ற அடையுடன் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் உள்ளது. தகடூரை (தருமபுரி) ஆண்ட அதியமான் மரபினரே அசோகர் குறித்த சத்தியபுத்திரர் என்பது அதனால் தெளிவாயிற்று. சேலத்தை அடுத்துள்ள ஒரு பகுதியின் அரசர் மௌரியப் பேரரசரால் அண்டை நாட்டினராக மதித்துக் கூறப்பட்டார் என்ற செய்தி, 1837 இல் திறந்த கதவின் வழியே நமக்குக் கிடைத்ததாகும்.

மதுரை மாவட்டத்தின் மாங்குளம் முதலிய குகைகளிலுள்ள பொறிப்புகளைப் படிக்கவும் பிரின்செப்பின் எழுத்து அட்டவணையே தொடக்கமாக அமைந்தது. அவற்றின் மொழி தமிழ் என்பதை 1924 இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார்.

இறுதி ஆண்டுகள்

ஏப்ரல் 25, 1835 அன்று ஹாரியட் ஆபர்ட் என்பவரைக் கல்கத்தாவில் மணந்தார். 1837 இல் எலிசா என்ற மகள் பிறந்தாள். அவளே எஞ்சிய ஒரே குழந்தை.

பகலில் நாணயச்சாலை, மற்ற நேரத்தில் கழகமும் இதழும் கல்வெட்டுகளும் கடிதங்களும் என்று இவர் உழைத்தார். 1838 இல் இடைவிடாத தலைவலியும் குமட்டலும் தொடங்கின. கல்லீரல் கோளாறு என்றே முதலில் கருதப்பட்டது. ஆய்வுகளை நிறுத்தும்படி ஆயிற்று. அவ்வாண்டு நவம்பரில் கப்பலேறி இங்கிலாந்து சென்றபோது நினைவாற்றலும் அறிவும் தளர்ந்துகொண்டிருந்தன. நலம் பெறாமலேயே ஏப்ரல் 22, 1840 அன்று இலண்டனில் சகோதரி சோபியாவின் இல்லத்தில் காலமானார். வயது நாற்பது. மூளை மென்மையுறல் எனக் காரணம் கூறப்பட்டது.

நினைவுகள்

கல்கத்தா மக்கள் நிதி திரட்டி, ஹூக்ளி ஆற்றங்கரையில் பிரின்செப் படித்துறையை 1843 இல் அமைத்தனர். ஃபிட்சுஜெரால்டு வடிவமைத்த அதன் வெண்தூண் மண்டபம் இன்றும் உள்ளது. இமயமலைப் பகுதியில் வளரும் பிரின்செப்பியா என்ற செடியினத்துக்கு ராயில் என்னும் தாவரவியலாளர் இவர் பெயரைச் சூட்டினார். சிதறிக் கிடந்த கட்டுரைகளை எட்வர்டு தாமசு தொகுத்து 1858 இல் வெளியிட்டார். இவர் சேர்த்த காசுகளுள் ஒரு பகுதி இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இவர் பணியாற்றிய கல்கத்தா வெள்ளி நாணயச்சாலை, 1952 இல் அலிப்பூரில் புதிய நாணயச்சாலை திறக்கப்பட்டதோடு தன் பணியை நிறுத்திக்கொண்டது.